பறிக்கப்பட்ட பதிவேடு: ரியோ நெக்ரோ மக்களும் நாடு கடந்த தோழமையும்



உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கிராமம் எரிக்கப்படுகிறது. நாம் இங்கே கண்டனக் கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். நம் சேரி ஒன்று எரியும்போது வெளிநாட்டிலிருந்து யாரோ அறிக்கை விடுகிறார்கள். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் இவற்றால் வீடு இழந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருப்பதில்லை. நாடு கடந்த தோழமை என்ற சொல்லை நாம் நிறையப் பயன்படுத்துகிறோம். அதை அளந்து பார்ப்பது குறைவு.

இன்று ஒரே ஒரு கிராமத்தை வைத்து அதை அளந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டில் இருந்த ரியோ நெக்ரோ. தோழமை வந்து சேராத ஆண்டுகளும், வந்து பயன்பட்ட ஆண்டுகளும் அதன் வரலாற்றில் அடுத்தடுத்து இருக்கின்றன. எது பயன்பட்டது, ஏன் பயன்பட்டது என்பதே என் பேச்சின் பொருள்.

ஆறும் கடனும்

முதலில் சுருக்கமாகப் பின்னணி. குவாத்தமாலா மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மாயா பூர்வகுடிகள். நிலமோ மிகச் சிலரின் கையில். 1952இல் ஹகோபோ ஆர்பென்ஸ் அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. தரிசாகப் போடப்பட்டிருந்த பெருந்தோட்ட நிலங்களை, அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் நிலங்கள் உட்பட, எடுத்து உழவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. இரண்டே ஆண்டில், 1954இல், அமெரிக்க உளவு நிறுவனம் ஏற்பாடு செய்த கலகம் அந்த அரசைக் கவிழ்த்தது. கொடுத்த நிலம் பிடுங்கப்பட்டது. 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 வரை நீடித்தது. இடையில் நாட்டை ஆண்டவர்களில் பெரும்பாலோர் இராணுவத் தளபதிகள்.

சிஷோய் ஆற்றங்கரையில், ரபினால் வட்டாரத்தில் இருந்த கிராமம் ரியோ நெக்ரோ. மாயா அச்சி மொழி பேசும் மக்கள். சோளம் விதைத்தார்கள், ஆற்றில் மீன் பிடித்தார்கள், ஓலைப்பாய் முடைந்து பக்கத்து ஊர்ச் சந்தையில் விற்றார்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது அரசு நீர்மின்சாரத்தின் பக்கம் திரும்பியது. ஜெர்மன், சுவிஸ், அமெரிக்கப் பொறியியல் நிறுவனங்கள் திட்டம் வகுத்தன. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியும் உலக வங்கியும் கடன் கொடுத்தன. உலக வங்கி 1978இல் கொடுத்தது 7.2 கோடி டாலர். 300 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும் என்றார்கள். ஆற்றின் நெடுகிலும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்துக்கு நீர் தேங்கும். 3,500 பேர் அளவுக்கு வெளியேற வேண்டும்.

தண்ணீர் வருவதற்கு முன் பழங்கால மாயா கட்டடங்களை ஆய்வு செய்யத் தொல்லியலாளர்கள் வந்தார்கள். செத்துப்போன மாயாவுக்கு இருந்த மதிப்பு உயிரோடிருந்த மாயாவுக்கு இல்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எங்கே போகவேண்டும் என்பது மட்டும் சொல்லப்பட்டது. அரசு காட்டிய மாற்றிடம் ரபினால் நகரத்தை ஒட்டிய பாகுஷ் என்ற குடியிருப்பு. நெருக்கமான வீடுகள். உழ நிலமில்லை, மீன் பிடிக்க ஆறில்லை. ரியோ நெக்ரோ மக்கள் மறுத்தார்கள்.

பதிவேடு

அந்த மக்களிடம் ஒரு பதிவேடு இருந்தது. மின் நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து கொடுத்த வாக்குறுதிகள், நிலத்துக்கு நிலம், வீட்டுக்கு வீடு என்று ஒப்புக்கொண்டவை எல்லாம் அதில் எழுதப்பட்டுக் கையொப்பமிடப்பட்டிருந்தன. பெரும்பாலோருக்கு எழுத்தறிவில்லாத கிராமத்தில் அந்த ஒரு புத்தகம்தான் அரசோடு பேசுவதற்கு இருந்த ஒரே சான்று. பஞ்சமி நிலத்துக்குக் காகிதம் தேடி அலைந்த நமக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

1980 மார்ச்சில் அணைக் கட்டுமான முகாமின் உணவுக் கூடத்தில் பீன்ஸ் திருடியதாகச் சிலர்மீது குற்றம் சாட்டி, ஆயுதம் தாங்கியவர்கள் ஊருக்குள் வந்தார்கள். தேவாலயத்தருகே ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில், பதிவேட்டோடு அலுவலகத்துக்கு வரும்படி மின் நிறுவனம் ஊர்ப் பிரதிநிதிகளை அழைத்தது. இரண்டு பேர் போனார்கள். பிணமாகத்தான் கிடைத்தார்கள். பதிவேடு கிடைக்கவேயில்லை.

தோழர்களே, கொலைகள் பெருகுவதற்கு முன்னால் காகிதம் காணாமல் போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு சமூகத்தை அப்புறப்படுத்த நினைக்கும் அதிகாரம் முதலில் அதன் சான்றுகளைத்தான் தேடி எடுக்கிறது.

1982

1982 பிப்ரவரியில், பக்கத்து ஊரான ஷோகோக்கிற்கு வருமாறு ரியோ நெக்ரோ மக்களுக்கு இராணுவத்தின் ஆணை வந்தது. போனவர்களின் அடையாள அட்டைகள் பறித்து வைக்கப்பட்டன. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பிப்ரவரி 13 அன்று அட்டையை வாங்கப் போனவர்களில் 70க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

கொன்றவர்கள் யார்? இராணுவம் ஆயுதம் கொடுத்து நிறுத்திய ஷோகோக் ரோந்துப் படையினர். அவர்களும் அச்சி மக்களே. ரியோ நெக்ரோக்காரர்கள் பாய் விற்ற சந்தை அந்த ஊர்ச் சந்தைதான். அந்தச் சந்தையை கெரில்லாக்கள் எரித்த பிறகு, பழி ரியோ நெக்ரோவின் மீது விழுந்தது. அண்டை ஊரைப் பகை ஊராக்கி, அதன் கையில் ஆயுதம் கொடுத்து, தன் கையைக் கழுவிக்கொள்வது அரசுகள் நன்கறிந்த முறை. சத்தீஸ்கரில் ஆதிவாசிகளை ஆதிவாசிகளுக்கு எதிராக நிறுத்திய சல்வா ஜூடும் நமக்குத் தெரியும்; 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது சட்டவிரோதம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 13. ஆண்கள் மலைகளில் ஒளிந்திருந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களை வீட்டில் விட்டிருந்தார்கள். இராணுவமும் ஷோகோக் ரோந்துப் படையும் வந்து அவர்களைப் பாகோஷோம் என்ற மேட்டுக்கு நடத்திச் சென்றன. வழியெல்லாம் அடியும் பாலியல் வன்கொடுமையும். மேட்டில் 70 பெண்களும் 107 குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். உயிரோடு விடப்பட்ட 18 குழந்தைகளைக் கொலையாளிகள் தங்கள் வீடுகளுக்கு வேலைக்காரர்களாகக் கொண்டுபோனார்கள். மே மாதம் லோஸ் என்குவென்த்ரோஸிலும், செப்டம்பரில் ஆகுவா ஃபிரியாவிலும் தஞ்சமடைந்திருந்தவர்களும், தஞ்சம் கொடுத்தவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒரே ஆண்டில் அந்தக் கிராமத்தின் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லாமல் போனார்கள்.

கெரில்லா ஆதரவாளர்கள் என்றது இராணுவம். நிலத்தை விட மறுத்ததுதான் எங்கள் குற்றம் என்றார்கள் தப்பியவர்கள். அந்த நாட்டில் இரண்டும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன. நிலத்தை விடமாட்டேன் என்று சொன்ன மாயா விவசாயியைக் கலகக்காரன் என்று பெயரிட வேறு சாட்சியம் எதுவும் தேவைப்படவில்லை.

1983 ஜனவரியில் அணையில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 1985இல் உலக வங்கி இதே திட்டத்துக்கு ஏறத்தாழ 4.5 கோடி டாலர் கூடுதல் கடன் கொடுத்தது. நீரில் மூழ்கிய பள்ளத்தாக்கில் யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்ற கேள்வி அந்தக் கடனைத் தடுக்கவில்லை.

வெள்ளைத் தோலின் காவல்

அப்போது உலகம் எங்கே இருந்தது? குவாத்தமாலா முழுவதும் கிராமங்கள் எரிந்துகொண்டிருந்தன. எல்லை தாண்டி மெக்சிகோவுக்குள் போய் அகதியாகப் பதிவு செய்தவர்கள் மட்டும் 45,000 பேர் அளவில். வெளியே செய்தி கொண்டுவந்தவர்கள் பாதிரியார்களும் அகதிகளும் சில மனித உரிமை அமைப்புகளும். பன்னாட்டு அமைதிப் படையணிகள் என்ற அமைப்பு 1983இல் குவாத்தமாலாவுக்கு வந்தது. மிரட்டப்படும் மனிதரின் கூடவே ஒரு வெளிநாட்டுத் தன்னார்வலர் ஆயுதமின்றி நடப்பார், கூட்டத்தில் உட்காருவார், இரவில் அதே வீட்டில் தூங்குவார். அவ்வளவுதான் வேலை. காணாமல் போனோரின் குடும்பங்கள் சேர்ந்து 1984இல் தொடங்கிய அமைப்பின் தலைவர்கள் அடுத்த ஆண்டே கொல்லப்பட்டபோது, எஞ்சியவர்களுக்கு இந்தத் துணை இரவு பகலாக இருந்தது. 1993 ஜனவரியில் மெக்சிகோவிலிருந்து அகதிகள் கூட்டமாக ஊர் திரும்பியபோதும் பல நாட்டவர் உடன் வந்தார்கள். பின்னாளில் ரபினால் வட்டாரச் சாட்சிகளுக்கும் இத்துணை கிடைத்தது.

இது ஏன் பயன்பட்டது என்பதை ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். ஒரு கனடாக்காரரோ சுவீடன்காரரோ செத்தால் தூதரகம் கேள்வி கேட்கும், உதவிப்பணம் நிற்கும். நூறு மாயாக்கள் செத்தால் எதுவும் நிற்காது. கொலைகாரனுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஆகவே எந்த இனவெறி மாயாவைக் கொன்றதோ, அதே இனவெறியின் கணக்கைக் கேடயமாகப் பிடித்து மாயாவைக் காப்பாற்றினார்கள். சாதி இந்துவை முன்னால் நிறுத்தினால்தான் காவல் நிலையத்தில் மனு வாங்குவார்கள் என்ற நம் அனுபவத்திலிருந்து இது வெகு தூரமில்லை. உயிர் காக்கும் நேரத்தில் இந்தக் கேடயத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கேடயம் பிடித்தவரே தலைவராகிவிட்டால், பாதுகாக்கப்பட்டவர் மறுபடியும் வாயற்றவராகிறார். நல்ல துணையாளர்கள் எந்த முடிவும் எடுக்கமாட்டோம் என்ற விதியைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. ஊர் திரும்பிய அகதிகள் வாழ்ந்த ஷமான் என்ற இடத்தில் 1995 அக்டோபரில் இராணுவம் 11 பேரைச் சுட்டுக் கொன்றது.

எலும்புகளின் சாட்சியம்

பதிவேட்டைத் திரும்ப எழுதும் வேலையைத் தொடங்கியவர்கள் ரியோ நெக்ரோவில் தப்பியவர்களே. பாகோஷோமில் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த கார்லோஸ் சென் ஓசோரியோ அவர்களில் ஒருவர். ஹேசூஸ் தெக்கூ ஓசோரியோ இன்னொருவர். வேலைக்காரராகக் கொண்டுபோகப்பட்ட 18 குழந்தைகளில் அவரும் உண்டு. கையில் வைத்திருந்த குட்டித் தம்பியை அவர் கண்ணெதிரே கொன்றவனின் வீட்டில்தான் அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

இவர்களைப் போன்றவர்கள் கொடுத்த புகாரின்பேரில் 1993இல் பாகோஷோம் புதைகுழி தோண்டப்பட்டது. குவாத்தமாலாவின் தடயவியல் மானிடவியல் குழு எலும்புகளை எடுத்து எண்ணியது. அந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அமெரிக்க அறிஞர் கிளைட் ஸ்னோ. அவர் அவர்களுக்குப் பதிலாகத் தானே வேலையைச் செய்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் கையில் தொழிலைக் கொடுத்துவிட்டுப் போனார். தோழமையின் இலக்கணம் இதில் இருக்கிறது.

எலும்புகளை மறு அடக்கம் செய்து ரபினால் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதை யாரோ உடைத்தார்கள். முன்னதைவிடப் பெரிதாக, கான்கிரீட்டில் மறுபடியும் கட்டினார்கள். 1998இல் ரோந்துப் படையினர் மூவருக்கும், 2008இல் மேலும் ஐவருக்கும் தண்டனை கிடைத்தது. தெக்கூ தனக்குக் கிடைத்த பன்னாட்டு மனித உரிமை விருதின் பணத்தைப் பிள்ளைகளின் கல்விக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 1999இல் ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணையம், போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமல் போயோ இருப்பதாகவும், அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயாக்கள் என்றும் பதிவு செய்தது. ரபினால் வட்டாரத்தில் நடந்தது இனப்படுகொலை என்றது.

பணம் வந்த வழி

ஆனால் கீழே கத்தி பிடித்தவனுக்குத் தண்டனை கிடைத்ததே தவிர, மேலே கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களை யாரும் தொடவில்லை. இந்த இடத்தில்தான் தோழமை வேறு வடிவம் எடுத்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ‘அமைதிக்கான சாட்சி’ அமைப்பு 1996இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குவாத்தமாலா இராணுவத்தோடு தன் வேலையை அது நிறுத்திக்கொள்ளவில்லை. எங்கள் நாட்டுத் தலைநகரில் தலைமையகம் வைத்திருக்கும், எங்கள் அரசு பங்குப்பணம் போட்டிருக்கும் இரண்டு வங்கிகள் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கடன் கொடுத்தன என்ற கேள்வியைத் தன் வீட்டு வாசலிலேயே எழுப்பியது. பன்னாட்டு நதிகள் வலையமைப்பு உள்ளிட்ட பலர் சேர்ந்துகொண்டார்கள். உலக வங்கி ஆள் அனுப்பி விசாரித்து, குடியேற்றப்பட்டவர்களுக்குச் சேர வேண்டிய நிலம் முழுதாகச் சேரவில்லை என்று கண்டது. கொஞ்சம் நிலம் வந்தது.

இங்கே நம் நாட்டோடு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985இல் ஒப்புக்கொண்ட கடன் 45 கோடி டாலர். நர்மதைக் கரை ஆதிவாசிகளும் விவசாயிகளும் நடத்திய போராட்டமும், வாஷிங்டனிலும் டோக்கியோவிலும் அவர்களுக்காக வேலை செய்த தோழர்களும் சேர்ந்து, வங்கி தானே ஒரு சுதந்திர ஆய்வுக்குழு அமைக்கும்படி செய்தார்கள். 1992இல் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் குழு வங்கியின் மீதே குற்றம் கண்டது. 1993இல் எஞ்சிய கடன் நின்றது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்டவர்கள் நேரே புகார் கொடுக்க வங்கிக்குள் ஆய்வு மன்றம் ஒன்று அமைந்தது. நர்மதை மக்கள் பெற்றுத் தந்த கதவு அது. ஆனால் கடன் பணம் கொடுத்து முடிந்த திட்டங்களை அன்றைய விதிப்படி அந்த மன்றம் விசாரிக்கவில்லை. ரியோ நெக்ரோவுக்கு அது தாமதமாக வந்த கதவு.

கதவில்லாதவர்கள் அணைக்கே போனார்கள். 2004 செப்டம்பரில் பாதிக்கப்பட்ட கிராமங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் சிஷோய் அணையை அமைதியாக முற்றுகையிட்டார்கள். தலைவர்கள்மீது வழக்குப் போட்டார்கள். ஆனால் பேச்சுவார்த்தைக்கு அரசு இறங்கி வந்தது. பேச உட்காரும்போது கையில் என்ன இருக்கிறது? 1980இல் பறிபோன பதிவேட்டின் இடத்தில் வைக்க ஒன்று வேண்டுமே. அதை மக்கள் கேட்டார்கள். அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ரோஸ் ஜான்ஸ்டன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. வங்கிகளின் கோப்புகளைத் தோண்டுவது அவர் பக்கத்து வேலை. வீடு வீடாகப் போய், எத்தனை மரம், எத்தனை மாடு, எத்தனை குழி நிலம் இழந்தோம் என்று கணக்கெடுத்தது கிராமத்தவர்கள். 2005இல் பல தொகுதிகளாக அது வெளிவந்தது. நீரில் மூழ்கிய நிலங்களில் ஒரு பகுதியை அரசு சட்டப்படி கையகப்படுத்தவேயில்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. பதிவேடு திரும்ப எழுதப்பட்டுவிட்டது.

2010இல் இழப்பீட்டுத் திட்டம் பேசி முடிக்கப்பட்டது. அரசு கையெழுத்துப் போடாமல் இழுத்தது. 2012இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் ரியோ நெக்ரோ படுகொலைகள் வழக்கில் குவாத்தமாலா அரசைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. அப்போதும் அரசு அசையவில்லை. தோழமை அமைப்புகள் தங்கள் சொந்த நாடாளுமன்றத்தைப் பிடித்தன. 2014 ஜனவரியில் நிறைவேறிய அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், சிஷோய் இழப்பீட்டுத் திட்டம் நடக்க வங்கிகளில் உள்ள அமெரிக்கப் பிரதிநிதிகள் வலியுறுத்த வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது. குவாத்தமாலா இராணுவத்துக்கான உதவியும் அதோடு முடிச்சுப் போடப்பட்டது. பத்து மாதத்தில் கையெழுத்து விழுந்தது. 2014 நவம்பரில் 33 கிராமங்களுக்கு 15.45 கோடி டாலர் இழப்பீட்டை அரசு ஏற்றது. மன்னிப்புக் கேட்டவர் அதிபர் ஓத்தோ பெரெஸ் மொலினா. 1982இல் மாயா மலைகளில் பணியாற்றிய இராணுவ அதிகாரி அவர்.

இதை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். இழப்பீடு குவாத்தமாலா மக்களின் வரிப்பணத்திலிருந்து. கடனுக்கு வட்டி வாங்கிய வங்கிகள் தங்கள் பொறுப்பென்று ஒரு காசு வைக்கவில்லை. படுகொலைக்கும் கையெழுத்துக்கும் இடையில் 32 ஆண்டுகள். காத்திருந்தே செத்தவர்கள் பலர்.

நமக்கு என்ன

இந்த அவையில் ஒரு கேள்வி எழலாம். பாபாசாகேப் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர், மகாநதிப் பள்ளத்தாக்குத் திட்டங்களுக்கு வழிவகுத்தவர். 1945இல் கட்டாக் மாநாட்டில் ஒரிசாவின் வறுமைக்கும் வெள்ளத்துக்கும் அணைகளைத் தீர்வாக முன்வைத்தவர். அப்படியானால் அணையை எதிர்ப்பது அவரை எதிர்ப்பதாகாதா? நான் அப்படிப் பார்க்கவில்லை. நிலமில்லாதவனுக்கு மின்சாரமும் நீரும் தொழிலும் வேண்டும் என்பதிலிருந்து அவர் பேசினார். ரியோ நெக்ரோ மக்களும் மின்சாரத்தை மறுக்கவில்லை. விளக்கு ஒருவர் வீட்டில் எரிய, இருட்டு இன்னொருவர் மேல் சுமத்தப்பட்டதை மறுத்தார்கள். அதைச் சொல்லும் உரிமையைத்தான் அவர் சட்டமாக எழுதினார்.

இன்னொன்றையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டார். இரக்கத்தையோ நன்கொடையையோ கேட்கவில்லை. உங்கள் ஆவணத்தைக் கொடுங்கள், எங்கள் மக்களுக்கும் அவ்வழியை யோசிக்கிறோம் என்றார். ஒடுக்கப்பட்ட இரண்டு சமூகங்கள் சமமாக உட்கார்ந்து காகிதம் பரிமாறிக்கொள்ளும் உறவு அது. ரியோ நெக்ரோவில் பயன்பட்ட தோழமையும் அந்த வகையே.

கடைசியாக, நாம் எப்போதும் பாதிக்கப்பட்ட பக்கத்தில் மட்டுமே நிற்பதாக நினைத்துக்கொள்ளக்கூடாது. சிஷோய் இழப்பீட்டுக்குக் கையெழுத்து விழுந்த அதே 2014 நவம்பரில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதானி குழுமம் தோண்டவிருந்த கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு 100 கோடி டாலர் வரை கடன் தருவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் பாரத ஸ்டேட் வங்கி கையெழுத்திட்டது. அந்த நிலம் வாங்கன், ஜகலிங்கு பூர்வகுடிகளின் நிலம். அவர்களில் ஒரு பகுதியினர் கடைசிவரை எதிர்த்தார்கள். 2020இல் சிட்னியில் இந்திய அணி கிரிக்கெட் ஆடியபோது இருவர் மைதானத்துக்குள் ஓடி, ஸ்டேட் வங்கிக் கடன் வேண்டாம் என்ற பதாகையைக் காட்டினார்கள். நாம் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பதாகை நமக்காக எழுதப்பட்டது. அந்த வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள் நாம்தான்.

மாணவத் தோழர்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்கிறேன். உங்கள் மாவட்டத்தில் அப்புறப்படுத்தப்பட்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல, வீடு வீடாக அவர்களின் பதிவேட்டை எழுதுங்கள். ஒரு பிரதியை அவர்களிடமும் ஒன்றை வேறிடத்திலும் பத்திரப்படுத்துங்கள். அடுத்து, நம் வங்கிகளின், நம் காப்பீட்டு நிறுவனங்களின் பணம் யார் நிலத்தின்மீது போய் விழுகிறது என்று படியுங்கள். அந்த நிலத்துக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று கேளுங்கள்.